ஜப்பான் அறையின் வாசலில் செருப்பு

முதலாளி அதை முகம் பார்க்காத விடுதி என்று சொல்வார். பலெர்மோவில், மத்திய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேயின் பக்கவாட்டுச் சந்தில், டயர் கடை ஒன்றுக்கு மேலே இருந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் அங்கே பகல் நேர வாசல்காரன். வாசல்காரன் என்றாலும் வாசலில் நிற்பதில்லை. பால் நிறக் கண்ணாடி போட்ட பெட்டி ஒன்றுக்குள் உட்கார்ந்திருப்பேன். கண்ணாடிக்குக் கீழே ஒரு சாண் உயரத்தில் திறப்பு. வருகிறவர்களின் கைகள் அதற்குள்ளால் உள்ளே வரும். சாவியோடு வெளியே போகும்.

அந்த விடுதியில் எனக்குப் பிடித்தது எதுவும் இல்லை. படுக்கை விரிப்பில் கறை தெரியாவிட்டால் அதைப் பால்கனியில் உதறி மறுபடியும் விரிக்கச் சொல்வார் முதலாளி. ஆகஸ்டில் டயர் கடையின் ரப்பர் நாற்றம் படியேறி வந்து குளியலறை நாற்றத்தோடு சேரும். வருகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது என்பதற்காக ஜன்னல் பலகைகளை ஆணி அடித்து மூடியிருந்தார். அந்த இருட்டைத்தான் அவர் ஜப்பான் என்று நினைத்தார்.

முதலாளி முன்பு சரக்குக் கப்பலில் சமையல்காரர். எந்திரம் பழுதாகிக் கப்பல் ஒசாகாவில் மாதக்கணக்கில் கிடந்தபோது ஆணும் பெண்ணும் சோடியாக அறை எடுக்கும் அங்குள்ள விடுதிகளைக் கண்டாராம். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் வேலை செய்தவன். ஒருவர் சொல்வதில் எது கண்டது, எது கேட்டது என்று பிரித்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. வட்டக் கட்டில்கள், கூரைக் கண்ணாடிகள், நீர்வீழ்ச்சி இதெல்லாம் அவர் கேட்டது. ஒவ்வொரு முறையும் அளவு மாறும். மாறாமல் சொன்னவற்றை நான் நம்பினேன். கோட்டை போலவும் கப்பல் போலவும் கட்டிய கட்டடங்கள். வாசல் பலகையில் இரண்டு கட்டணங்கள், ஒன்று இளைப்பாறுவதற்கு, மற்றது இரவு தங்குவதற்கு. உள்ளே ஆள் இருக்காது. சுவரில் அறைகளின் படங்கள்; விளக்கு எரிகிற படம் வெறுமையான அறை. பொத்தானை அழுத்தினால் அந்தப் படம் அணைந்துவிடும். போக ஒரு வழி, வர ஒரு வழி. கார் நிறுத்துமிடத்தின் வாயிலில் நீளத் திரை. அதற்குள்ளும் காரின் இலக்கத் தகட்டுக்கு முன்னால் ஒரு பலகையைச் சாய்த்து வைப்பார்கள். அறைக் கதவைத் திறந்ததும் உட்புறத்தில் சப்பாத்துக் கழற்ற ஒரு தாழ்ந்த இடம்.

"அங்கே யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, தொத்தோரே," என்பார். "இங்கே? என் மாமியார் பால்கனியில் உட்கார்ந்துகொண்டு இந்தச் சந்தில் போகிற நாய்க்குக்கூட முகவரி சொல்வாள்."

கண்ணாடி போட்டுப் பத்திரிகை படிக்கிற எவரையும் பலெர்மோவில் தொத்தோரே, படித்தவரே, என்று கூப்பிடுவார்கள். அவர் என்னைக் கூப்பிட்டது கேலிக்கு.

மாமனார் இறந்ததும் அவருடைய பழைய தங்குமிடம் இவர் கைக்கு வந்தது. ஒசாகாவை அதற்குள் திணித்தார். படப் பலகை செய்வித்தார். அதில் பாதி விளக்குகள் ஒரு மாதத்திலேயே போயின. முற்றத்து வாசலில், இறைச்சிக் கடைகளில் ஈ வராமல் தொங்கவிடும் பிளாஸ்டிக் பட்டைகளைக் கட்டினார். உள்ளே ஒரு சின்னக் காருக்குத்தான் இடம்; அது அவருடையது. நடைவழியின் கோடி அறையில் தாள் விளக்கும் தரை மெத்தையும் போட்டு ஜப்பான் அறை என்றார். எல்லா அறைக் கதவுகளுக்கும் உட்புறத்தில் சப்பாத்துக்கு ஒரு மரத்தட்டு அடித்தார். சிசிலிக்காரர்கள் அதில் தடுக்கி விழுந்தார்கள். ஒருவரும் சப்பாத்தை அங்கே வைத்ததில்லை.

ஆனால் இத்தாலியில் விடுதிக்காரன் ஒவ்வொருவருடைய அடையாளப் பத்திரத்தையும் பார்த்துப் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். அதற்கு ஒசாகாவில் வழி கிடைக்கவில்லை. ஆகவே எங்கள் விடுதியில் முகத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, முகம் ஒட்டிய பாஸ்போட்டை எனக்கு நீட்டுவார்கள். நான் அதை விரித்துப் பார்ப்பேன். பிறகு மிகவும் மரியாதையாக, அவர்கள் முகத்தைப் பாராமல், சாவியைக் கொடுப்பேன். இதில் உள்ள முட்டாள்தனத்தை முதலாளியிடம் ஒருமுறை சொன்னேன். "நீ ஒரு அதிகாரி போலப் பேசுகிறாய்," என்றார்.

இன்னொன்றையும் அவர் சொல்வார், பகிடியாக. அந்த ஒசாகா விடுதிகளுக்குக் கலியாணம் கட்டியவர்கள் சொந்த மனைவியோடு வருவார்களாம். வீட்டில் ஒரு தாள் கதவுக்கு அந்தப் பக்கம் தாயும் தகப்பனும், இந்தப் பக்கம் பிள்ளைகள். ஆகவே பின்னேரத்தில் இரண்டு மணி நேரம் இளைப்பாற வருவார்களாம். "சொந்த மனைவியோடு! அதற்கு விடுதியா?" என்று தொடையில் தட்டிச் சிரிப்பார். அவர் அங்கே கண்டவற்றில் அது ஒன்றுதான் விளங்கிக்கொள்ளத் தகுந்தது. அதை மட்டும் அவர் விளங்கிக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமைப் பின்னேரங்களில் எங்கள் ஆட்கள் வருவார்கள். வீட்டோடு தங்கி வேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் விடுதலை. மனைவி ஒரு சிக்னோராவின், அதாவது வீட்டு எசமானியின், சமையலறைக்குப் பின்னால் படுப்பாள். கணவன் வேறொரு வீட்டின் காவல் அறையில் படுப்பான். இரண்டு வீட்டுக்காரரும் மற்றவரை உள்ளே விடமாட்டார்கள். வேலைக்காரிக்குக் கணவன் இருப்பது சிக்னோராக்களுக்குத் தெரியும். அவன் எங்கே படுக்கிறான் என்று எவளும் கேட்டதில்லை. மாஃபியாவுக்கு எதிராகத் தெருமுனையில் துப்பாக்கியோடு நிறுத்தியிருந்த சிப்பாய்களைத் தாண்டி, பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி சட்டைப் பையில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டு, அவன் முன்னால் நடப்பான். அவள் பின்னால் வருவாள்.

அவர்களில் ஒரு சோடியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். முதல் நாள் நல்ல மழை. திறப்புக்குள் இரண்டு கைகள் நனைந்து வந்தன.

"தோக்குமென்தி, பெர் ஃபவோரே," என்றேன். பத்திரங்களைத் தரவும் என்று அர்த்தம். அந்தப் பெட்டிக்குள் இருந்து நான் பேசுவது பெரும்பாலும் இந்த ஒன்றுதான்.

பெண்ணின் கை அசையாமல் நின்றது. "அண்ணை, நீங்களோ?"

"ஓம்."

"வாரும், போவம்," என்றது ஆண் குரல்.

"எங்கை போறது? மழையைப் பாருங்கோ." பிறகு கண்ணாடிக்குக் கிட்ட வந்து சொன்னாள். "அண்ணை, நாங்கள் எழுத்து எழுதின ஆக்கள். பிழையா நினையாதேங்கோ."

"நான் ஒண்டும் நினைக்கேல்லை. பாஸ்போட்டைத் தாரும்."

"என்ரை அண்ணனுக்குத் தெரிஞ்சா எழுத்தை ரத்துச் செய்துபோட்டு என்னை ஜெர்மனிக்குப் பெரியப்பாவிட்டை அனுப்பிப்போடுவர். சாமிப் படத்திலை அடிச்சுச் சொன்னவர்."

அண்ணனை எனக்குத் தெரியும். பிரான்காச்சோவில், அரசாங்க மாடிக் குடியிருப்பில், நான்கு ஆண்களோடு இருந்தான். இவளைப் பலெர்மோவுக்குக் கூப்பிட்டது அவன். ஞாயிறுகளில் இவள் சமைத்துப் போட்டதும் அங்கேதான். கொழும்பில் பதிவாளர் முன்னால் கையெழுத்து வைத்து வருடங்கள் போய்விட்டன. ஆனால் யாழ்ப்பாணத்தவருக்கு எழுத்து என்பது பாதிக் கலியாணம். தாலி ஏறும் வரை பெண்ணும் மாப்பிள்ளையும் தனியே ஒரு தேநீர் குடித்தாலும் கதைதான். தாயும் தகப்பனும் வராமல் தாலி இல்லை என்று அண்ணன் சொல்லிவிட்டான். போரால் யாழ்ப்பாணத்தில் பாதை மூடியிருந்தது. தாயும் தகப்பனும் வரவில்லை. மாப்பிள்ளை பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு பழைய மாளிகையில் தோட்டக்காரன். சட்டப்படி அவனுடைய மனைவியான ஒருத்தியைப் பார்க்க, கள்ளன் மாதிரி ரயிலில் வந்தான்.

நான் ஜப்பான் அறையின் சாவியைக் கொடுத்தேன். இரக்கத்தால் அல்ல, அதை வேறு எவரும் எடுப்பதில்லை. தரையில் மெத்தை கிடப்பது எங்கள் ஆட்களுக்குப் புதினமும் இல்லை.

பிறகு அந்த மாடிக்குத் துடைப்பத்தோடு போனபோதுதான் கண்டேன். உள்ளே சப்பாத்துத் தட்டு இருந்தும், இருவரும் தங்கள் காலணிகளைக் கதவுக்கு வெளியே, நடைவழியில், ஒழுங்காகச் சோடி சேர்த்து வைத்திருந்தார்கள். எங்கள் சோடிகள் எல்லாம் அப்படித்தான் செய்தார்கள். பெயரை மறைத்து, முகத்தை மறைத்து, பின் படியால் ஏறி வந்து, கடைசியில் செருப்பை வாசலில் கழற்றினார்கள். அதைப் பற்றி ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. கால் தானாகவே கழற்றியது.

அவளுடைய செருப்பு மறக்கக்கூடியது அல்ல. ஆஸ்பத்திரித் தாதிகள் போடுகிற தடித்த வெள்ளைச் செருப்பு. சிக்னோரா கழித்துக் கொடுத்தது. ஒரு பட்டி அறுந்து, அதற்குப் பதிலாக நீலத் துணியைத் தைத்திருந்தாள். அதே செருப்பைத்தான் பூசைக்கும் போட்டு வருவாள். வெள்ளிக்கிழமைப் பூசையை நாங்கள் ஞாயிற்றுக்கிழமை நடத்தினோம், சிக்னோராக்கள் வெள்ளியன்று விடமாட்டார்கள் என்பதால். பழைய அச்சகம் ஒன்றின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்திருந்தோம். படியில் ஐம்பது, அறுபது சோடி காலணிகள் கிடக்கும். ஏறி வருகிறவர் அதைப் பார்த்தே உள்ளே யார் யார் இருக்கிறார்கள், யார் யாரோடு வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். பலெர்மோவில் எங்களுக்கு இதைவிட நல்ல செய்தித்தாள் இருக்கவில்லை.

அந்தப் பூசைக் கூடத்துக்கு ஒரு பொருளாளர் இருந்தார். பூசை முடிந்ததும் எழுந்து நின்று, இந்த நாட்டில் எங்கள் பெட்டைகள் எப்படி நடக்க வேண்டும் என்று பேசுவார். குரல் நல்ல குரல். பெண்கள் தலை குனிந்து கேட்பார்கள். அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார். ஒரு வியாழக்கிழமை, சிவப்புக் கல் மோதிரம் போட்ட கை ஒன்று திறப்புக்குள் வந்தது. பாஸ்போட்டை விரித்தேன். அவர். மற்றப் பத்திரம் ஒரு உள்ளூர்ப் பெண்ணுடையது. இரண்டாம் முறை, மூன்றாம் முறையும் வந்தார். எனக்கு வேலை ஸ்டேஷன் பக்கம் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த விடுதி என்று நான் சொன்னதில்லை. அவரிடம் இத்தாலிய மொழியில் அந்த ஒரே வசனத்தை மட்டும் சொல்வேன். கண்ணாடியை அவர் நம்பினார்.

மூன்றாம் முறை அவருக்குக் கிடைத்த அறை ஜப்பான் அறைக்குப் பக்கத்து அறை.

அடுத்த கிழமையே அண்ணன் என்னைத் தேடி நான் இருந்த வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

"அண்ணை, நீங்கள் ஸ்டேஷன் பக்கம் தானே வேலை. என்ரை தங்கச்சியைப் பற்றி ஏதும் கேள்விப்பட்டனீங்களோ?"

"என்ன கேள்விப்பட?"

"ஆரோடையோ ஹோட்டலுக்குப் போறாளாம். பொருளாளர் அண்ணை சொன்னவர். நம்பிக்கையான ஆக்கள் கண்டதாம்."

"கண்டதோ, கேட்டதோ?"

"செருப்பைக் கண்டதாம். அந்த நீலப் பட்டிச் செருப்பு, ஒரு அறை வாசலிலை, ஆம்பிளைச் சப்பாத்தோடை. இதுக்கு மேலை என்ன சாட்சி வேணும்?" கதவுப் பக்கம் திரும்பினான். "ஞாயிறு பூசைக்கு மாப்பிள்ளையும் வருவார். எல்லாருக்கும் முன்னாலை கேட்டு, எழுத்தை முடிச்சுவிடப் போறன்."

ஆகவே அவன் நினைத்தது இதுதான்: தங்கை மாப்பிள்ளைக்குத் துரோகம் செய்து வேறொருவனோடு போகிறாள். அந்த ஆண் சப்பாத்து மாப்பிள்ளையுடையதாக இருக்கலாம் என்பது அவன் மூளைக்குள் வரவேயில்லை. எனக்கு அவன் மீது எரிச்சல்தான் வந்தது. விடுதியில் நடப்பதை வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று முதலாளி முதல் நாளே சொல்லியிருந்தார். தேநீர் குடிக்கிறாயா என்று கேட்டேன். போய்விட்டான்.

ஞாயிறு பூசை முடிந்து, பிரசாதத் தட்டுகளோடு ஆட்கள் படிக்கு வந்துகொண்டிருந்தார்கள். அண்ணன் படியின் மேல்தட்டில் வழியை மறித்து நின்றான். பொருளாளர் சுவரோரமாக, கைகளைக் கட்டி, சாட்சி சொல்ல வந்தவர் போல. மாப்பிள்ளை இரண்டு படி கீழே, ஒரு காலில் சப்பாத்தும் மற்றக் கால் வெறுங்காலுமாக.

அண்ணன் நீலப் பட்டிச் செருப்பைக் காலால் தள்ளிக் காட்டினான். "இது உன்ரை தானே?"

"ஓம்."

"இது வியாழக்கிழமை ஸ்டேஷன் ஹோட்டலிலை எந்த அறை வாசலிலை கிடந்தது?"

ஒரு குழந்தை இத்தாலிய மொழியில் தண்ணீர் கேட்டது. அவள் செருப்பைப் பார்த்தாள். பிறகு, நான் எதிர்பாராத விதமாக, அண்ணனை விட்டுவிட்டுப் பொருளாளர் பக்கம் திரும்பினாள்.

"ஆர் அண்ணை கண்டது?"

"ஆர் கண்டால் என்ன பிள்ளை? கண்டது உண்மை."

"அந்த வாசல் றோட்டிலையிருந்து தெரியாது. படியிலையிருந்தும் தெரியாது. கோடி அறை. பக்கத்து அறைக்குப் போற ஆளுக்குத்தான் தெரியும்."

"நான்... எனக்கு ஒருத்தர் சொன்னவர்."

"பட்டி நீலம் எண்டும் அந்த ஒருத்தரோ சொன்னவர்? நல்ல கண்ணுள்ள ஆள். நீங்கள் உங்கடை சப்பாத்தை எங்கை அண்ணை விட்டனீங்கள்? வெளியிலை ஒண்டையும் காணேல்லை. உள்ளுக்கை தட்டிலையோ?"

பின்னால் யாரோ ஒரு பெண் சிரித்தாள், உடனே நிறுத்திக்கொண்டாள். பொருளாளர் நெஞ்சை நிமிர்த்தினார். அவருடைய மேடைக் குரல் வந்தது. "கேட்டீங்களோ கதையை! ஹோட்டல் படி மிதிக்காத என்னைப் பாத்து..."

"தோக்குமென்தி, பெர் ஃபவோரே," என்றேன்.

உரக்கச் சொல்லவில்லை. பெட்டிக்குள் இருந்து சொல்கிற அதே அளவில் சொன்னேன். மற்றவர்களுக்கு அது ஒன்றுமில்லை. குவெஸ்தூரா பொலிஸ் அலுவலகத்தில், ரயிலில், தெருமுனையில் எல்லோரும் கேட்டுச் சலித்த வசனம். பொருளாளருக்கு மட்டும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த குரல் விளங்கிற்று. மோதிரக் கையை மெல்லச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். அவளுக்காக நான் அதைச் சொன்னேன் என்று பின்னால் சிலர் நினைத்தார்கள். அப்படியில்லை. அந்தக் கை எனக்குப் பிடிக்கவில்லை.

"உப்பிடிச் செருப்பு ஆயிரம் பேரிட்டை இருக்கும்," என்றார் பொருளாளர், யாரையும் பாராமல். "கண்டவை பிழையாயும் கண்டிருப்பினம். விடு தம்பி."

அத்தோடு முடிந்திருக்கலாம். அண்ணனின் தோள் தளர்ந்ததைக் கண்டேன். அந்தப் பொய்யை வாங்கிக்கொள்ள அவன் தயாராக இருந்தான். அவள் விடவில்லை.

"பிழையில்லை. என்ரை செருப்புத்தான்," என்றாள். "பக்கத்திலை கிடந்தது இவற்றை சப்பாத்து. என்ரை மனுசனோடைதான் போனனான். இனியும் போவன். எங்களை இருக்க விட வேறை இடம் இருந்தாச் சொல்லுங்கோ, அங்கை போறம்."

மாப்பிள்ளை தன் காலிலிருந்த ஒற்றைச் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அண்ணன் செருப்பை உதைத்தான். அது படிப்படியாக அடிபட்டுக் கீழே தெருக்கதவு வரை போனது. அவள் வெறுங்காலோடு இறங்கிப் போனாள். எடுத்து, துடைத்து, போட்டுக்கொண்டு அங்கேயே நின்றாள். ஜெர்மனி என்று அண்ணன் சொல்லப் போகிறான் என்று எல்லோரும் காத்திருந்தோம். ஆனால் இத்தனை பேருக்கு முன்னால் அவள் சொன்ன பிறகு, அவளை எந்தப் பெரியப்பாவும் எவனுக்கும் கட்டிக் கொடுக்க முடியாது. அதை அவன் படியிலேயே கணக்குப் பார்த்து முடித்தான்.

"வாற ஞாயிறு தாலி கட்டட்டும்," என்றான். "அம்மா ஆக்களுக்குப் படம் அனுப்புவம்."

அன்பு ஒன்றும் இல்லை அதில். ஒரு சேதத்தை மூடி வைப்பவனின் குரல்.

அடுத்த ஞாயிறு தாலி கட்டினார்கள். தாலித் தட்டைப் பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்கச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். கூடத்தில் அது எப்போதும் பொருளாளரின் வேலை. அன்றும் அவரே கொண்டுவந்தார். என் முன்னால் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். தேங்காயின் மேல் தாலி, தட்டின் விளிம்பில் சிவப்புக் கல் மோதிரம். நான் தாலியைத் தொட்டேன்.

அதன் பிறகு அவர் எங்கள் விடுதிக்கு வரவில்லை. முதலாளி அதைக் கவனித்தார்.

"அந்த மோதிரக்காரர் எங்கே, தொத்தோரே? மரியாதையான வாடிக்கையாளர். உன் ஆட்களின் செருப்பைப் பார்த்து ஓடியிருப்பார். நடைவழி முழுக்கச் செருப்பு! இது விடுதியா, மசூதியா? ஒசாகாவில் ஒருவனும் வெளியே கழற்றுவதில்லை."

உள்ளே கழற்றச் சொல்லித் தமிழில் ஓர் அறிவித்தல் எழுதச் சொன்னார். எழுதி, ஜப்பான் அறைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினேன்.

வியாழக்கிழமை திறப்புக்குள் அதே இரண்டு கைகள் வந்தன. பெண்ணின் மணிக்கட்டில் மஞ்சள் நூல் இன்னும் இருந்தது. தாலி ஏறிவிட்டது, ஆனால் படுக்க இடம் கிடைக்கவில்லை. சிக்னோராவின் சமையலறைக்குப் பின்னால் ஒற்றைக் கட்டில். பகேரியா மாளிகையில் பெண்களுக்கு அனுமதியில்லை. பிரான்காச்சோ வீட்டில் நான்கு ஆண்கள்.

"கலியாணம் முடிந்தும் வருகிறார்களா?" என்று முதலாளி என் காதில் கேட்டுத் தொடையில் தட்டினார். சாவியைக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் துடைப்பத்தோடு மேலே போனேன். அறிவித்தலுக்கு நேர் கீழே, கதவுக்கு வெளியே, நீலப் பட்டிச் செருப்பு. இம்முறை சுவரோரமாக ஒதுக்கி வைக்கப்படவில்லை. நடைவழியின் நடுவில், வருகிறவர் யாரானாலும் தாண்டிப் போக வேண்டிய இடத்தில் இருந்தது. மாப்பிள்ளையின் சப்பாத்தைக் காணவில்லை. அவன் உள்ளே, தட்டில் கழற்றியிருந்தான்.

செருப்பை எடுத்து உள்ளே வைக்கச் சொல்லி முதலாளி கீழேயிருந்து கத்தினார். நான் அதைச் சுற்றிப் பெருக்கிவிட்டு இறங்கினேன்.